பச்சை டவுசர் கட்சி

எங்கள் ஊரில் பல வருடங்களாக ஒரு கிழவனைத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கிழவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. எங்கள் நாட்டுக்காரனும் இல்லை. குத்துச்சண்டை வீடியோ ஒன்றில் கடைசியில் தோளில் வெள்ளைத் துண்டோடு கொஞ்ச நேரம் வருவான், அவ்வளவுதான். அவன் தலை தெரிந்ததும் சித்தப்பா தொடையில் தட்டி, "வந்துட்டான்டா படுபாவி" என்பார். அப்போது ஆரம்பிக்கிற வசவு டிவியை அணைத்த பிறகும் நிற்காது.

சித்தப்பா என்றால் என் சொந்தச் சித்தப்பா இல்லை, எதிர்வீட்டுக்காரர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் மனைவி சின்னம்மா இன்னும் நன்றாக இருக்கிறார், யாராவது வாசித்துக் காட்டிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எனக்குக் காப்பித்தண்ணி கிடைக்காது. சித்தப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் ரேஷன் கடை அண்ணன் அந்தச் சண்டையைப் போனில் அனுப்பியிருந்தார். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. நாங்கள் பார்த்த காலத்தில் பாதிச் சண்டை திரையின் புள்ளி மழைக்குள்தான் நடக்கும். இவ்வளவு தெளிவாகப் பார்த்தபோது எனக்கு என்னவோ ஒன்று குறைந்தது. பக்கத்தில் தொடை தட்டுகிற சத்தம்தான் குறைந்தது என்று புரிய நேரமாகவில்லை.

அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் போய்வருகிறவர்கள் தைலம், போர்வை, சென்ட்டு என்று கொண்டுவருவார்கள். சித்தப்பா கட்டட வேலைக்குப் போய்விட்டு ஒரு டிவியும் டெக்கும் கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு கேசட். அவரோடு அறையில் தங்கியிருந்தவர் கொடுத்ததாம். படம் என்று நினைத்துத் தெருவே திரண்டு வந்து உட்கார்ந்தது. போட்டால், இரண்டு பேர் டவுசரோடு ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். பெண்டுகள் எல்லாம் தலையிலடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். எழுந்து போகாமல் மிஞ்சியவர்கள்தான் நாங்கள். நான் அப்போது புதுக்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடை அண்ணன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

அது உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பழைய சண்டை. ஒருவருக்குப் பச்சை டவுசர், இன்னொருவருக்கு வெள்ளை. மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு, அப்படி ஒவ்வொரு ரவுண்டாகப் போகும். வெள்ளை டவுசர் நெட்டை, ஆட்டக்காரர், ஒதுங்கி ஒதுங்கி அடிப்பார். பச்சை டவுசர் கட்டை. வாங்கிக்கொண்டே முன்னால் வருவார், பின்னால் ஒரு அடி வைக்கத் தெரியாது. சித்தப்பா எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே ரேஷன் கடை அண்ணன் வெள்ளைக் கட்சி. யாராவது ஒருவர் எதிர்க்கட்சியில் இல்லாவிட்டால் பார்த்து என்ன பிரயோஜனம்?

கடைசி ரவுண்டுக்கு முந்திய ரவுண்டு முடியும்போது பச்சை டவுசருக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன. எதிரில் இருப்பவர் தெரியாமல் காற்றில் குத்துகிறார். மணி அடித்து, வந்து ஸ்டூலில் உட்காருகிறார். அப்போதுதான் அந்தத் துண்டுக்காரக் கிழவன் வருவான். அவன்தான் பச்சை டவுசரின் பயிற்சியாளன். குனிந்து முகத்தைப் பார்ப்பான். பச்சை டவுசர் எழுந்திருக்கப் பார்ப்பார். கிழவன் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு நடுவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிடுவான். சண்டை முடிந்தது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு பாக்கி.

இதுவே பொறுக்காது. ஆனால் இதற்கு மேல் ஒரு விஷயத்தைச் சிங்கப்பூர் அறைக்காரர் சித்தப்பாவிடம் சொல்லித் தொலைத்திருந்தார். அதே நேரத்தில் எதிர் மூலையில் வெள்ளை டவுசரும் இனி தன்னால் எழ முடியாது என்று தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பச்சை டவுசர் சும்மா எழுந்து நின்றிருந்தாலே போதும், பட்டம் அவருக்குத்தான். இந்த ஒரு சேதியை வைத்துக்கொண்டு சித்தப்பா மிச்ச ஆயுளை ஓட்டினார்.

"எந்திரிச்சு நின்னாப் போதும்டா. குத்தக்கூட வேணாம். நிக்க விடலையே அந்தக் கெழவன்."

சின்னம்மா அந்தச் சண்டையை ஒரே ஒரு தடவை, நெல் புடைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றபடி பார்த்தார். எல்லாரும் கிழவனைத் திட்டி ஓய்ந்த பிறகு, "கண்ணு ரெண்டும் போயிட்டா பட்டமா வந்து கஞ்சி ஊத்தும்?" என்று கேட்டுவிட்டு முறத்தோடு போய்விட்டார். ரேஷன் கடை அண்ணன் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. பொம்பளைக்கு என்ன தெரியும் என்றும் சொல்லவில்லை. ஆனால் சின்னம்மா இருக்கும்போது கிழவனைக் கொஞ்சம் அடக்கித்தான் திட்டுவார்.

சித்தப்பாவுக்குப் போதும் என்ற சொல்லே ஆகாது. அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் தப்பித்து எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இலையை மடித்த பிறகும் பிரித்துப் போடுகிற மனிதர். ஒரு தடவை எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், ஊருக்குப் போய் இரண்டு நாள் படுத்துவிட்டதாகக் கேள்வி. சித்தப்பாவிடமிருந்து பாத்திரத்தை வாங்கி வைக்க சின்னம்மா ஒருவரால்தான் முடியும். ஒன்றும் சொல்லமாட்டார், கரண்டியைப் பிடித்துக்கொள்வார்.

அந்தச் சின்னம்மாவைக் கட்டியதே அப்படித்தான். இலுப்பூர்ப் பக்கத்துப் பெண். முதல் தடவை கேட்டுப் போனபோது நிலம் கம்மி என்று அவருடைய அப்பா முடியாது என்றார். அடுத்த தடவை, இவனுக்கு வாய் அதிகம் என்றார். மூன்றாம் தடவை சித்தப்பா தனியாகவே போனார். வேம்படியில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றில்லை, கொடுக்காவிட்டால் அடுத்த மாதமும் வருவேன் என்று மட்டும் சொன்னாராம். மாதாமாதம் இவனுக்கு மோர் கொடுத்துக் கட்டுபடியாகாது என்று மாமனார் ஒத்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது சித்தப்பாவுக்கு நெஞ்சு நிமிரும். சின்னம்மாவோ, "நான் சரின்னு சொன்னதாலதான் எங்கப்பா குடுத்தாரு. இவரு என்னமோ குத்திச் சாச்ச மாதிரிப் பேசுறாரு" என்பார்.

மின்சார இணைப்புக்கு அவர் நடந்த நடையை எழுதினால் அதுவே தனிக் கதை. இன்று போய் நாளை வா என்றால் மனிதர்கள் சலித்துப்போவார்கள். சித்தப்பா, அதிகாரியே நம்மை நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார் என்று சந்தோஷமாக வருவார். கடைசியில் அவர் முகத்தை மறுபடி பார்க்கப் பயந்துதான் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். கேலி செய்தாலும், ஒரு காரியம் இழுத்துக்கொண்டு போனால் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவோம்.

அந்த இணைப்பை வாங்கியது எலுமிச்சைத் தோட்டத்துக்காக. சிங்கப்பூரில் சிமெண்டு சுமந்ததெல்லாம் அந்தத் தோட்டமாகத்தான் நின்றது. எங்கள் பக்கம் மானாவாரிக் காடு, மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கருவேலம். அதன் நடுவே அந்த ஒரு தோட்டம் மட்டும் பச்சையாக இருக்கும். பக்கத்தில் போனாலே வாசனை வரும். மூன்று நான்கு காய்ப்பு நன்றாக வந்தது. அப்புறம் மழை பொய்த்தது. இருந்த ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் வர வரக் குறைந்து, ஒரு மாசி மாதம் மோட்டார் காற்றைக் கக்கியது. மரங்கள் காயோடு வாட ஆரம்பித்தன.

சித்தப்பா புதுக் கிணறு இறக்க முடிவு செய்தார். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார், வடமேற்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. மறுநாள் காலையிலேயே கிணறு குடைகிற திருச்செங்கோட்டு வண்டி வந்து இறங்கியது. நான் லீவு போட்டிருந்தேன். அப்போது எனக்குப் புதுக்கோட்டையில் ஆபீஸ் வேலை. ரேஷன் கடை அண்ணன் கடைக்கு ஆள் போட்டுவிட்டு வந்திருந்தார். சண்டை பார்க்க உட்கார்ந்த மாதிரியே மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்தோம்.

எங்கள் பக்கம் கொஞ்ச தூரம் மண், அப்புறம் பாறைதான். பாறையைக் குடைந்தால் வெள்ளைத் தூள் புகையாகக் கிளம்பும். தூள் நனைந்து வந்தால் தண்ணீர் பக்கத்தில் என்று அர்த்தம். ஒவ்வொரு இரும்பு ராடாகக் கோத்து இறக்குவார்கள். ஒரு ராடு இறங்கியதும் வண்டிக்கார டிரைவர் நிறுத்திவிட்டு நிலக்காரரைப் பார்ப்பார், அடுத்ததை இறக்கட்டுமா என்று. அடிக்கு இவ்வளவு என்கிற கணக்கெல்லாம் நிலக்காரர் தலையில்தான்.

மத்தியானம் வரை புழுதிதான் பறந்தது. எங்கள் தலை, புருவம், எல்லாம் வெளுத்துவிட்டன. பேசி வைத்திருந்த ஆழம் தாண்டியாயிற்று. டிரைவர் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று. ரேஷன் கடை அண்ணன் மெதுவாக, "போதும்னு படுதுண்ணே" என்றார். சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதியில் நிறுத்தியதால்தான் பச்சை டவுசர் தோற்றார் என்று மட்டும் சொன்னார். எனக்கும் உள்ளே அந்தக் கிறுக்கு இருந்தது. அடுத்த ராடில் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார். வாளியை வரப்பில் வைத்துவிட்டுத் தூளைப் பார்த்தார். சித்தப்பாவின் விரலைப் பார்த்தார். பிறகு நேராக வண்டிக்காரரிடம் போய், கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். கம்ப்ரசர் சத்தம் அடங்கியதும் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

"போதுங்க" என்றார் சின்னம்மா. "இதுக்கு மேல போனா ரோட்டோரத்து வயல விக்கணும். அதுல வெளையிறதத்தான் நாம திங்கிறோம்."

சித்தப்பா வண்டியைப் பார்த்தார். பிறகு மரங்களைப் பார்த்தார். டிரைவர் கையை நெம்புகோலில் வைத்தபடியே காத்திருந்தார். சித்தப்பாவின் விரல் எழும், எழும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பாறைமேல் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்ததை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "எடுத்துருங்க தம்பி" என்றார். அன்று யாரும் சோறு தின்னவில்லை.

மரங்கள் செத்தன. குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சுமந்து ஊற்றி சின்னம்மா நாலைந்தைக் காப்பாற்றினார். மற்றவற்றை வெட்டி விறகாக்கும்போது சித்தப்பா அங்கிட்டுப் போகவே இல்லை. மறுபடி கட்டட வேலைக்குப் புதுக்கோட்டை பஸ் ஏறினார். ரோட்டோரத்து வயல் மட்டும் அவர்கள் கையில் இருந்தது. அதில் நெல் விளைந்தது, அதைத்தான் தின்றார்கள்.

அந்த வருடம் அவர் வீட்டில் அடிக்கடி சண்டை ஓடியது. கேசட் போய் சிடி வந்திருந்தது. கிழவன் வந்ததும் சித்தப்பா முன்பு அடக்கித் திட்டியதைக் குரல் எடுத்துத் திட்டினார். அடி வாங்குகிறவனுக்கு இல்லாத பயம் இவனுக்கு என்ன, அடுத்தவன் பட்டத்தைத் தடுக்க இவன் யார் என்றெல்லாம் பேசுவார். அந்த வசவில் பாதி யாருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். எனக்கு அப்போது அவர்மேல் கோபம் வந்தது. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்று சொல்லிப் போகாமலே இருந்தேன்.

அடுத்த சித்திரையில் பக்கத்துத் தோட்டக்காரர் கிணறு இறக்கினார். வேலிக்கு அந்தப்பக்கம்தான், சித்தப்பா நிறுத்திய இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். சாயந்திரம் ஊரெல்லாம் சேதி பரவியது. தண்ணீர் பீச்சி அடிக்கிறதாம், இரண்டாள் உயரத்துக்கு. எல்லாரும் ஓடினோம். சித்தப்பா வேலை முடிந்து அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தார், அவரும் வந்தார்.

அவருக்கு எல்லாரும் வழி விட்டார்கள். எழவு வீட்டில் சொந்தக்காரனுக்கு விடுகிற மாதிரிதான் இருந்தது. அவர் சேற்றில் இறங்கி, வாரிப்போட்டிருந்த பாறைத்தூளை ஒரு கை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தார். டிரைவரிடம் எத்தனை அடி என்று கேட்டார். அவர் சொன்ன ஆழம், சித்தப்பா நிறுத்திய ஆழத்துக்கு இரண்டு ராடு கீழே. சித்தப்பா தலையை ஆட்டினார். தோட்டக்காரர் கையைப் பிடித்து, நல்ல தண்ணீர், உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

டீக்கடையில் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குச் சின்னம்மா கதி அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன். ரேஷன் கடை அண்ணன் எதையாவது பேசிச் சூட்டைத் தணிக்க நினைத்தாரோ என்னவோ, வாய் தவறி நேராக அதிலேயே போய் விழுந்தார். அன்னைக்கு அந்தக் கிழவனும் இப்படித்தான் கெடுத்தான், இல்லையா அண்ணே என்றார்.

சித்தப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பெரியவரு" என்றார். "அன்னைக்கி வீட்டுக்குப் போயித் தூங்கியிருப்பாருங்குற?"

அத்தனை வருடத்தில் அவர் அந்த மனிதரைப் பெரியவர் என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அந்த மனிதரும் வீட்டுக்குப் போயிருப்பார், அவருக்கும் ஒரு பாய் படுக்கை இருந்திருக்கும் என்பது எங்கள் யார் புத்தியிலும் அதுவரை ஏறவில்லை. இரண்டு கட்சிக்கும்தான்.

வீட்டுக்கு அவரோடு நானும் நடந்தேன். தனியே விட மனசில்லை. தெரு முனையில் நின்று கையை என்னிடம் நீட்டினார். நகத்தில் இன்னும் தூள் ஒட்டியிருந்தது.

"அதே பாறைதான்டா. அதே தூளு, அதே நெறம். ரெண்டே ராடு. அவளுக்கு இந்நேரம் யாராச்சும் சொல்லியிருப்பாளுக."

சொல்லியிருந்தார்கள். சின்னம்மா வாசலில் கடலையைக் குவித்துப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் வண்டி வந்து இறங்கியதிலிருந்தே அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் அம்மா பிற்பாடு சொன்னார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உடைத்த பருப்பையும் தொலியையும் ஒரே குவியலில் போட்டுக்கொண்டிருந்தார், அதுகூடத் தெரியாமல்.

"இன்னும் ரெண்டு ராடு எறக்கியிருந்தா நமக்கும் வந்திருக்குமாமுல்ல" என்றார்.

சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது, தெரிந்ததைச் சொல்லாமலும் இருக்கத் தெரியாது. அதற்குச் சாட்சியாக ஊரே நிற்கும்.

"எந்த மடையன் சொன்னான்?" என்றார் சித்தப்பா. "அது வேற பாறை. தூளத் தொட்டுப் பாத்துட்டுத்தானே வாரேன். அவருக்குச் செவப்பு, நமக்கு வெள்ளை. நம்ம மூலையில ரெண்டாயிரம் அடி போயிருந்தாலும் புழுதிதான் வந்திருக்கும். நீ நிறுத்துனதாலதான் இன்னைக்கி ஒல கொதிக்கிது."

சின்னம்மா நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தார். "சத்தியமாவா?"

இந்த மாதிரிச் சத்தியத்தை எங்கள் பக்கம் யாரும் பொண்டாட்டி தலையில் வைக்கமாட்டார்கள். சித்தப்பா தூள் ஒட்டிய கையைச் சட்டென்று வேட்டியில் துடைத்துவிட்டுத் தன் தலைமேல் வைத்தார்.

"என் மேல சத்தியமா."

சின்னம்மா அவர் கையைப் பார்த்தார், வேட்டியில் இழுபட்டிருந்த வெள்ளைத் தூள் தடத்தையும் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். வரும்போது மூன்று தட்டு கொண்டுவந்து, தனக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்.